தரவையை மீட்க முதலில் எதை அளப்பது: நீர்மட்டமா, உப்பா?

யாழ்ப்பாணத்தில் வழுக்கையாறு கடலைச் சேரும் அராலிப் பக்கத் தரவையையோ (மாரியில் நீர் தேங்கும் தாழ்ந்த உவர்வெளி) வல்லைவெளியையோ மீட்க நினைக்கிறோம் என்று வையுங்கள். கையிலுள்ள காசு ஒரு வேலைக்குத்தான் காணும். நிலத்தில் குழாய் இறக்கி நீர்மட்டத்தைப் பார்ப்பதா, நீரை எடுத்துச் சோதிப்பதா?

சோதனைதான் பலரையும் இழுக்கும். மின்கடத்துதிறன் மானியை நீரில் விட்டவுடன் ஓர் எண் வந்துவிடும். ஆனால் அந்த எண் எவ்வளவு உப்பு என்று சொல்லுமே தவிர, எந்த வழியால் வந்தது என்று சொல்லாது. சோளகம் என்ற தென்மேல் காற்று அடிக்கும் ஆடி, ஆவணியில் மண்ணில் கிடந்த உப்போடு மழைநீர் வற்றினாலும் உவர்தான். கதவணை ஒழுகிக் கடல்நீர் ஏறினாலும் உவர்தான். முதலாவதற்கு மாரி நீரை மறித்துவைக்க வேண்டும், இரண்டாவதற்குக் கதவைத் திருத்த வேண்டும். பிழையான பக்கம் காசைக் கொட்டினால் இன்னொரு மாரியும் வீணாகப் போய்விடும்.

நீர்மட்டம் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். துளையிட்ட பிவிசி குழாய்கள் சில, ஓர் அளவு நாடா, ஒரு கொப்பி, இவ்வளவும் போதும். வற்றுப்பெருக்கோடு மட்டம் ஏறி இறங்கினால் கடலோடு தொடர்பு இருக்கிறது. ஊர்க் கிணறுகளின் மட்டம் தரவையைவிட உயர்ந்திருந்தால் நன்னீர் தரவைப் பக்கம் வருகிறது. நமது சுண்ணக்கல்லில் நன்னீர் கடல்நீருக்கு மேல் மிதக்கிறது: கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர். ஆகவே மேலே 10 சென்ரிமீற்றர் இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து 4 மீற்றர் உப்பு ஏறலாம். சென்ரிமீற்றர் கணக்கை அற்பமாக நினைக்க முடியாது.

இரசாயனம் முந்துகிற இடங்களும் உண்டு. வெங்காயத் தோட்டத்து யூரியா, நைத்திரேற்றாகக் கிணறுகளில் இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தரவைச் சேற்றில் ஒட்சிசன் இல்லாததால் பற்றீரியாக்கள் அதை நைதரசன் வாயுவாக மாற்றிவிடும். நீர் சேற்றில் தங்கினால்தான் அது நடக்கும். அதே சேற்றில் கடல்நீர் தேங்கினால் சல்பேற்று சல்பைட்டாகி, கூழ்முட்டை மணம் எழும். நட்ட கண்டல் கன்றுகளின் வேர் கருகும். இதை எந்த அளவு நாடாவும் காட்டாது.

சரி, எனக்கு எது? முதலில் நீர்மட்டம், அதுவும் முழு ஒரு வருடம். நமக்குக் கிடைக்கும் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது. இரண்டு மாதக் கணக்கை நம்ப முடியாது. அப்புறம் அந்தக் குழாய்களிலேயே தையில் ஒரு முறை, புரட்டாதியில் ஒரு முறை நீர் எடுத்து, குளோரைட்டும் நைத்திரேற்றும் பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: எல்லாக் குழாய் விளிம்புகளின் உயரத்தையும் மேசன்மார் மட்டம் பார்க்கப் பாவிக்கும் தண்ணீர்க் குழாயை வைத்தாவது முதல் நாளே ஒப்பிட்டுக் குறித்துவிடுங்கள்.