ரீஃபண்ட் ஆசை காட்டும் வரித் தாக்கல் செயலிகள்: ஓர் எச்சரிக்கை

நான் கட்டாத மருத்துவக் காப்பீடு, வாங்காத கல்விக் கடன், கொடுக்காத கட்சி நன்கொடை ஆகிய மூன்றையும் என் பெயரில் எழுதி, 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கான என் வருமான வரிக் கணக்கை ஒரு தனியார் செயலி தாக்கல் செய்தது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. என் புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இதே முறையில் இயங்குபவர்கள் பலர் இருப்பதால் ஒரு பெயரை மட்டும் தெரிந்துகொண்டு பயனில்லை என்பது இன்னொரு காரணம். அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்திருந்தால்தான் மாதச் சம்பளக்காரர்கள் தப்பிக்க முடியும் என்பதால், நடந்ததை முழுமையாகவே எழுதுகிறேன்.

அந்த மதிப்பீட்டு ஆண்டுக்கு உரிய 2023-24 நிதியாண்டில் என் மொத்தச் சம்பளம் 9,60,000 ரூபாய். பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். நிலைக்கழிவு 50,000, வீட்டு வாடகைப்படிக்கான விலக்கு 96,000, வருங்கால வைப்பு நிதி, எல்.ஐ.சி., பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றைச் சேர்த்து வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் 1,50,000 போக, வரிக்குரிய வருமானம் 6,64,000 ரூபாய். அதற்கான வரி, செஸ் உட்பட 47,112 ரூபாய். அதை அலுவலகமே பிடித்தம் செய்து கட்டிவிட்டது. அலுவலகம் தரும் சம்பள, வரிப்பிடித்தச் சான்றிதழான படிவம் 16இல் இவையனைத்தும் சரியாகவே இருந்தன. ஆகவே நான் கட்ட வேண்டிய பாக்கியும் இல்லை, எனக்கு வர வேண்டிய ரீஃபண்டும் இல்லை. உள்ளதை உள்ளபடி தாக்கல் செய்தால் போதும் என்றிருந்த கணக்கு அது.

தாக்கல் இலவசம் என்று விளம்பரம் செய்திருந்த அந்தச் செயலி, படிவம் 16ஐ ஏற்றியதும் ‘நிபுணர் உதவி’ என்ற திட்டத்துக்கு என்னை மாற்றியது. வருமான வரித் தளத்துக்கான கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அடுத்த நாள் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “சார், உங்க கம்பெனி சில கழிவுகளைச் சேர்க்காம விட்டிருக்காங்க. எங்க சாஃப்ட்வேர் அதையெல்லாம் கண்டுபிடிச்சு எடுத்துரும். வர்ற ரீஃபண்டுல 12 சதவீதம் மட்டும் எங்களுக்குக் கொடுத்தா போதும்” என்றார். எந்தக் கழிவுகள் என்று கேட்டதற்கு, எல்லாம் சட்டப்படி உள்ளவைதான், மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும் என்று பதில் வந்தது. பிறகு திரையில் தோன்றிய சுருக்கத்தில் மொத்த வருமானம், வரி, ரீஃபண்ட் என மூன்றே வரிகள். கழிவுகளின் பட்டியலைத் திறந்து பார்க்க அதில் வழியே வைக்கப்படவில்லை. அந்தத் திரை இருக்கும்போதே ஆதார் ஓ.டி.பி. கேட்கப்பட்டது, கணக்கு என்னுடையதுதான் என்று இணையவழியில் உறுதி செய்யும் மின் சரிபார்ப்பும் முடிந்தது. கணக்கின் நகலைக் கேட்டபோது அவர்கள் அனுப்பியது ஒரு பக்க ஒப்புகைச் சீட்டு மட்டுமே. அந்தச் சீட்டில் மொத்த வருமானமும் வரியும் ரீஃபண்டும் இருக்குமே தவிர, எந்தப் பிரிவில் எவ்வளவு கழிக்கப்பட்டது என்ற விவரம் இருக்காது. சில வாரங்களில் 47,110 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவாகியது. அவர்கள் கட்டணத்தை எடுத்துக்கொண்டார்கள்.

உண்மை வெளிப்பட்டது, வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோதுதான். வங்கியில் ஒப்புகைச் சீட்டு போதாது, முழுக் கணக்குப் படிவமும் வேண்டும் என்றார்கள். தளத்திலிருந்து இறக்கிக் கொடுத்த படிவத்தையும் என் கடன் வரலாற்று அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த கடன் பிரிவு அதிகாரி, “சார், கல்விக் கடன் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா? வட்டி கட்டியதாகக் கணக்கில் காட்டியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் பெயரில் அப்படி ஒரு கடனே இல்லையே” என்று கேட்டார். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் 80இ பிரிவில் 79,000 ரூபாய் என்று இருந்தது. அதற்கு மேலே 80டி பிரிவில் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 25,000. கீழே 80ஜிஜிசி பிரிவில் அரசியல் கட்சிக்கு நன்கொடை 60,000. நன்கொடைக்கான அட்டவணையில் ஒரு தேதியும், பணப் பரிவர்த்தனை எண்ணும், நான் கணக்கே வைத்திராத ஒரு வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் கூட நிரப்பப்பட்டிருந்தன. மென்பொருள் தவறுதலாகச் சேர்த்துவிட்டது என்று சொல்ல இடமில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்த எண்களை எழுதியிருக்கிறார்.

மூன்றையும் கூட்டினால் 1,64,000 ரூபாய் வருகிறது. 6,64,000த்திலிருந்து அதைக் கழித்தால் சரியாக 5,00,000. பழைய வரிமுறையில் மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 87ஏ பிரிவின் கீழ் வரி முழுவதும் தள்ளுபடியாகிவிடும், பிடித்தம் செய்த பணம் அனைத்தும் திரும்பி வரும். அதாவது, முதலில் விடையை முடிவு செய்துகொண்டு, அந்த விடைக்குப் பொருந்தும் கழிவுகளைப் பின்னால் எழுதியிருக்கிறார்கள். ரீஃபண்டில் சதவீதம் வாங்குபவருக்கு ரீஃபண்ட் பெரிதாக வேண்டும் என்பதைத் தவிர வேறு அக்கறை இருக்க முடியாது. பட்டயக் கணக்காளர்களுக்கு, சில விதிவிலக்குகள் தவிர, கிடைக்கும் பலனில் சதவீதமாகக் கட்டணம் வாங்குவது அவர்களுடைய நடத்தை விதிகளிலேயே தடுக்கப்பட்டிருக்கிறது. தொலைபேசியில் பேசிய ‘வரி நிபுணர்’ பட்டயக் கணக்காளரே அல்லர் என்பது பின்னர் விசாரித்தபோது தெரிந்தது.

அதைவிட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. தளத்தில் என் சுயவிவரத்தைத் திறந்தால், மின்னஞ்சல் முகவரியும் கைபேசி எண்ணும் என்னுடையவையாக இல்லை. எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு பொது மின்னஞ்சல், யாருடையது என்றே தெரியாத ஒரு எண். தாக்கல் செய்த கையோடு மாற்றிவிட்டிருக்கிறார்கள். வருமான வரித் துறை எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தால் அது அந்த முகவரிக்குத்தான் போயிருக்கும், பதில் சொல்வதற்கான கெடுவும் எனக்குத் தெரியாமலே முடிந்திருக்கும்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில், பொய்க் கழிவுகளுடன் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் இடைத்தரகர்களைக் குறிவைத்துப் பெரிய அளவில் சோதனை நடத்தியது. மொத்தமாகக் கணக்குகளைத் தாக்கல் செய்வதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல்களை உருவாக்கி, பிறகு கைவிட்டுவிடுகிறார்கள், அதனால் துறையின் நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடக்கின்றன என்று அப்போது வெளியிட்ட அறிக்கையிலேயே துறை குறிப்பிட்டிருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாமாக முன்வந்து 1,045 கோடி ரூபாய் அளவுக்கான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றதாகவும் அதில் இருந்தது. அவர்களில் எத்தனையோ பேர் என்னைப் போலவே விவரம் மறைக்கப்பட்டவர்களாக இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

வரித் தாக்கல் மென்பொருளைப் பயன்படுத்தும்போது பொதுவாக எழும் கேள்விகளை இந்த நிறுவனங்கள் தமக்கு வசதியாகத் திரித்துவிடுகின்றன. சான்று ஏதும் இணைக்க வேண்டாமா என்று கேட்டால், துறை எதையும் கேட்பதில்லை என்கிறார்கள். கணக்குடன் எந்த ஆவணத்தையும் இணைக்கத் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் கேட்கும்போது காட்டுவதற்கு அவை நம்மிடம் இருந்தாக வேண்டும். 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், கடன் கணக்கு எண் போன்றவற்றைப் படிவமே கேட்கிறது. ரீஃபண்ட் வந்துவிட்டால் கணக்கை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றுதானே பொருள் என்பது அடுத்த கேள்வி. நான் கேட்டபோதும் ஆமாம் என்றே சொன்னார்கள். அது தவறு. 143(1) பிரிவின் கீழ் நடப்பது துறையின் பெங்களூரு மையத்தில் கணினி செய்யும் தொடக்கநிலைச் சரிபார்ப்பு மட்டுமே. அதன் பிறகும் 143(2) பிரிவில் ஆய்வுக்கு எடுக்கலாம், ஆண்டுகள் கழித்து 148 பிரிவில் மறு மதிப்பீடும் செய்யலாம். தவறான தகவல் தந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக முடிவானால், 270ஏ பிரிவின்படி, அப்படிக் குறைந்த வரியின் 200 சதவீதம் அபராதம் விழும். என் கணக்கில் அது 94,000 ரூபாயைத் தாண்டும்.

தாக்கல் செய்தது மென்பொருள்தானே, பொறுப்பு எப்படி நம்முடையதாகும் என்று கேட்பவர்கள், கணக்கின் இறுதியில் உள்ள உறுதிமொழியைப் படிக்க வேண்டும். இதில் உள்ளவை யாவும் உண்மை என்று கணக்குக்கு உரியவரே அதில் உறுதி கூறுகிறார். நிறுவனத்தைத் தொடர்புகொண்டபோது அவர்கள் பிடித்துக்கொண்டதும் அதைத்தான். முதலில் அரட்டைப் பெட்டியில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டினார்கள். எழுத்து மூலமாகப் புகார் கொடுத்த பிறகு, “நீங்கள் ஓ.டி.பி. கொடுத்ததால் கணக்கின் உள்ளடக்கத்தை ஏற்றுக்கொண்டீர்கள், எங்கள் சேவை விதிமுறைகளின்படி தகவல்களுக்குப் பயனாளரே பொறுப்பு” என்று மின்னஞ்சல் வந்தது. அந்தத் தகவல்களை நான் கொடுக்கவே இல்லையே என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

எங்கள் ஊர் ஆடிட்டர் ஒருவரின் உதவியுடன் புதுப்பிக்கப்பட்ட கணக்கு எனப்படும் ஐ.டி.ஆர்.-யுவைத் தாக்கல் செய்தேன். திருத்தக் கணக்குக்கான கெடு 2025 ஜனவரி 15உடன் முடிந்துவிட்டதால், 139(8ஏ) பிரிவில் வரும் இந்த ஒரு வழிதான் எனக்கு மிச்சமிருந்தது. பெற்ற ரீஃபண்ட் முழுவதையும் திருப்பிக் கட்டி, சட்டப்படி சேர வேண்டிய வட்டியையும் சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகையில் 25 சதவீதத்தைக் கூடுதல் வரியாகவும் செலுத்த வேண்டியிருந்தது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் தாக்கல் செய்தால்தான் இந்த 25 சதவீதம். அதற்கு மேல் போனால் 50, 60, 70 என்று ஏறி, 48 மாதங்களில் வாசல் அடைபட்டுவிடும். நான் தாக்கல் செய்தபோது இருந்த விதிப்படி, மறு மதிப்பீடு போன்ற நடவடிக்கை அந்த ஆண்டுக்குத் தொடங்கிவிட்டிருந்தால் பொதுவாக இந்த வழியும் கிடையாது. எனவே யாருக்காவது சந்தேகம் இருந்தால் நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சந்தேகம் இல்லாதவர்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வருமான வரித் தளத்தில் நுழைந்து, தாக்கல் செய்த கணக்குகள் என்ற பகுதியில் ஒவ்வொரு ஆண்டுக்கும் உரிய முழுப் படிவத்தை இறக்கி, 80சி, 80டி போன்ற 6-ஏ அத்தியாயக் கழிவுகள் உள்ள பக்கத்தைப் படிவம் 16உடன் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். படிவம் 16இல் இல்லாத ஒரு கழிவு கணக்கில் இருந்தால், அதற்கான ரசீது உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கி வட்டி போன்ற வருமானங்கள் விடுபடவில்லை என்பதை ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏ.ஐ.எஸ்.ஸில் சரிபாருங்கள். ரீஃபண்டைப் பெரிதாக்குவதில் குறியாக இருப்பவர்கள் வருமானத்தை எழுதாமல் விடுவதற்கும் தயங்குவதில்லை. சுயவிவரத்தில் உள்ள மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவைதானா என்று உறுதி செய்துகொண்டு, கடவுச்சொல்லை மாற்றுங்கள். அங்கீகரிக்கப்பட்ட பங்காளர்கள் என்ற பகுதியில் உங்களுக்குத் தெரியாத இடைத்தரகர் பெயர் இருந்தால் நீக்கிவிடுங்கள். உயர் பாதுகாப்பு வசதியை இயக்கினால், கடவுச்சொல் மட்டும் தெரிந்த ஒருவரால் உள்ளே வர இயலாது.

தனியார் மென்பொருளே கூடாது என்று நான் சொல்லவில்லை. சம்பளமும் வங்கி வட்டியும் மட்டும் உள்ளவர்களுக்குத் துறையின் தளமே போதும், அங்கே பெரும்பாலான விவரங்கள் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும், கட்டணமும் கிடையாது. பங்கு விற்பனை, இரண்டு நிறுவனங்களின் படிவம் 16, நிலுவைச் சம்பளம் என்று சிக்கல் உள்ளவர்கள் மென்பொருளையோ ஆடிட்டரையோ நாடுவது நியாயமே. எவரிடம் போனாலும், தாக்கலுக்கு முன் முழுப் படிவத்தின் முன்வரைவைக் காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்ட மறுப்பவருக்கு ஓ.டி.பி. கொடுக்காதீர்கள். ரீஃபண்டில் பங்கு கேட்பவரிடம் படிவம் 16ஐக் கூடக் கொடுக்காதீர்கள்.

கட்டணத்தையும் இழப்பீட்டையும் கேட்டு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். நிறுவனம் அதற்கும் அதே சேவை விதிமுறையைப் பதிலாக அனுப்பியதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட்டிருக்கிறேன். வழக்குக்குக் காரணமான நிகழ்விலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். செலுத்திய கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை. இடைத்தரகரைப் பற்றி வருமான வரித் தளத்திலும் தனியாகப் புகார் அளித்திருக்கிறேன். செயலியில் வந்த சுருக்கத் திரையின் படம், கட்டணம் பிடித்த ரசீது, அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல் ஆகிய மூன்றும்தான் இப்போது என் பக்கத்துச் சான்றுகள். இதே போலப் பாதிக்கப்பட்டவர்கள் செயலியை நீக்குவதற்கு முன் இவற்றைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை மூடிவிட்டால் பழைய உரையாடல்களை அவர்களிடமிருந்து பெறுவது கடினம்.