'லிங்க் முதல் கமெண்டில்': பழகிப் பார்த்ததில் கண்டது

ஃபேஸ்புக்கில் லிங்க்கைப் பதிவிலேயே போடுவதா, கமெண்டில் போடுவதா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பல காலமாகப் பயன்படுத்துவதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

கமெண்ட் முறையால் ரீச், அதாவது பதிவு போய்ச் சேரும் ஆட்களின் எண்ணிக்கை, கூடுகிறது, அதை மறுக்க முடியாது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2021 முதல் வெளியிடும் அறிக்கைகளிலேயே, அமெரிக்காவில் ஃபீடில் பார்க்கப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை லிங்க் இல்லாத பதிவுகள்தான். எக்ஸில் (பழைய ட்விட்டர்) லிங்க் பதிவை ஒதுக்குவது ரகசியமாகவும் இருக்கவில்லை. விளக்கத்தைப் பதிவில் எழுதி லிங்க்கைப் பதிலில் போடுங்கள் என்று 2024 நவம்பரில் அதன் உரிமையாளர் எலான் மஸ்க்கே சொன்னார். லிங்க்கை அழுத்தி வெளியே போய்விட்டவருக்கு விளம்பரம் காட்ட முடியாதே!

எனக்கு ஆத்திரம் வருவது ஷேரில். பதிவை ஒருவர் ஷேர் செய்தால் உரையும் படமும்தான் போகும். கமெண்ட் மூலப்பதிவிலேயே தங்கிவிடும். 'லிங்க் முதல் கமெண்டில்' என்ற வரி மட்டும் ஊர் ஊராகச் சுற்றும். அங்கே முதல் கமெண்டில் யாரோ 'அருமை தோழர்' என்று எழுதியிருப்பார். மூலப்பதிவைத் தேடி வந்தாலும், 'மிகவும் பொருத்தமானவை' வரிசையில் லைக் வாங்கிய சண்டை மேலே நிற்கும், லிங்க் எங்கோ கீழே கிடக்கும். ஃபேஸ்புக் பக்கம் என்றால் கமெண்டைப் பின் செய்து மேலேயே நிறுத்தி வைக்கலாம். எக்ஸிலும் இதே கதைதான், ரீட்வீட்டோடு பதில் போகாது. அதிகம் பரவும் பதிவில்தான் இந்தத் தொல்லையும் அதிகம்.

'லிங்க் வேண்டுவோர் கமெண்டில் சொல்லுங்கள்' என்பது இன்னும் மோசம். இப்படிக் கமெண்ட் கேட்டு வாங்கும் பதிவுகளைக் கீழே தள்ளுவதாக 2017 டிசம்பரிலேயே ஃபேஸ்புக் அறிவித்துவிட்டது.

லிங்க்கை நேராகப் போடுகிறவர்கள் பலர் தோற்பது அல்காரிதத்தால் அல்ல, லிங்க்கோடு படமும் தலைப்புமாக வரும் முன்னோட்ட அட்டையால். அட்டையில் வருவதற்காகக் கட்டுரைப் பக்கத்தின் நிரலில் குறிக்கும் படம் (ஓஜி இமேஜ்) 1200 × 630 பிக்சல் இருக்கட்டும். 600 × 315-க்குக் கீழே போனால் பெரிய படம் வராது, ஓரத்தில் சின்னச் சதுரம்தான். அகலம், உயரம் இரண்டையும் அதே நிரலில் டேகாகக் குறிக்காவிட்டால் முதலில் பகிர்பவருக்குப் படமே வராமல் போகலாம். பகிர்வதற்கு முன்பே முன்னோட்டத்தைச் சோதிக்கும் மெட்டாவின் ஷேரிங் டீபக்கர் பக்கத்தில் முகவரியை ஒட்டி 'ஸ்க்ரேப் அகெய்ன்' அழுத்திவிடுங்கள். தலைப்பைத் திருத்திய பிறகும் பழையதே வந்தால் இதுதான் மருந்து. படத்தை 300 கேபிக்குள் வைத்தால் வாட்ஸப்பிலும் பிரச்சினை இல்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. பெர்மாலிங்க், அதாவது கட்டுரையின் நிரந்தர முகவரி, தமிழில் இருந்தால், காப்பி செய்யும்போது ஒவ்வொரு குறியும் '%' கலந்த ஒன்பது எழுத்தாக விரியும். 'கி' என்பதில் 'க'வும் இகரக் குறியும் தனித்தனிக் குறிகள், ஆகப் பதினெட்டு. தளம் நடத்தப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 200 எழுத்தோடு வெட்டிவிடுவதால் இருபத்திரண்டு குறிகளுக்கு மேல் தேறாது. வெளியிடும் முன்பே ஆங்கில எழுத்தில் மூன்று சொல்லாகச் சுருக்குங்கள். பிறகு மாற்றினால் பழைய முகவரிக்குச் சேர்ந்த லைக் எண்ணிக்கை புதியதற்கு வராது.

கமெண்ட் முறைக்கு ரீச் உண்டு என்று மேலே எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. ஆனாலும் லிங்க்கைப் பதிவிலேயே போடுங்கள் என்றுதான் சொல்வேன். ரீச் மட்டும் போதுமென்றால் 'காலை வணக்கம்' படமே வாங்கித் தந்துவிடும். கமெண்டில்தான் போடுவேன் என்று அடம்பிடிப்பவர்கள், கட்டுரைத் தலைப்பையும் தளத்தின் பெயரையுமாவது பதிவில் எழுதிவையுங்கள். ஷேரில் லிங்க் தொலைந்தாலும் கூகுளில் தேடிப் பிடிக்கலாம்.