கொழுத்த பசுவா, கன்று ஊட்டிக்கொண்டே மறுபடி சினைப்படும் பசுவா?

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் மாணவி ஒருத்தி, கருத்தரங்குக் கட்டுரைக்காக மாதவரத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் இரண்டு படங்கள். இரண்டிலும் இறைச்சி இனப் பசுக்கள். ஒன்று விலா எலும்பே தெரியாமல், வாலடியில் கொழுப்புத் திரண்டு, மினுமினுவென்று நின்றது. மற்றொன்றின் கடைசி இரண்டு விலா எலும்புகளை எண்ணிவிடலாம். அதன் மடியைக் கன்று முட்டிக்கொண்டிருந்தது.

"சார், இனவிருத்திக்கு எதை வைத்துக்கொள்வீர்கள்?"

"அந்தக் கொழுத்த பசு கடைசியாக எப்போது ஈன்றது, அம்மா?"

அந்தத் தகவல் அவளிடம் இல்லை. இந்த அலசல் முழுவதும் அந்த ஒரு தகவலைச் சுற்றித்தான் நடக்கிறது.

முதலில் நாள் கணக்கைப் பார்ப்போம். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், ஈன்ற 82 நாளுக்குள் மறுபடி சினை நிற்க வேண்டும். கருப்பை பழைய நிலைக்குத் திரும்பவே சுமார் 40 நாள் ஆகும். பருவச் சுழற்சி 21 நாளுக்கு ஒருமுறை. ஆக, பசுவுக்குக் கிடைப்பவை இரண்டே வாய்ப்புகள். உடம்பில் கொழுப்பு இருப்பு குறைந்தால் லெப்டின், இன்சுலின் போன்ற ஹார்மோன்கள் இரத்தத்தில் குறைகின்றன. மூளையிலிருந்து சினைப்பைக்கு வர வேண்டிய தூண்டுதல் தளர்கிறது. கருமுட்டை வளர்ந்தாலும் வெளிப்படுவதில்லை. அந்த இரண்டு வாய்ப்புகளும் வீணாகின்றன.

அமெரிக்கப் பண்ணையாளர்கள் இறைச்சி இனப் பசுவின் உடல்கட்டுக்கு, அதாவது உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்பதற்கு, 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகக் கொழுப்பு) வரை மதிப்பெண் போடுகிறார்கள். ஈனும் நேரத்தில் 5 இருக்க வேண்டும்; முதல் ஈத்துக் கிடேரிக்கு 6 இருந்தால் நல்லது. இந்த மதிப்பெண்ணையே மரபுத் தேர்வுக்கும் வைத்துக்கொண்டால் என்ன என்பது மாணவியின் வாதம். எண்கள் அவள் பக்கம் இருப்பதாகவே தோன்றும். பசுவுக்குப் பசு உடல்கட்டில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு மரபால் வருவது. இரண்டு ஈத்துகளுக்கு இடைப்பட்ட காலத்தில் மரபின் பங்கு பெரும்பாலும் 10 விழுக்காட்டையும் எட்டாது. உடல்கட்டு நன்றாக உள்ள பரம்பரைகள் சினைப்படுவதிலும் பொதுவாக மேலாக இருக்கின்றன.

ஆனாலும் நான் அதை முதலிடத்தில் வைக்க மாட்டேன். போன முறை சினை நிற்காத பசுவுக்குக் கன்று இல்லை, பால் கொடுக்க வேண்டியதும் இல்லை. தின்றதெல்லாம் முதுகில் ஏறுகிறது. அதன் கொழுப்பு மலட்டுத்தன்மையின் விளைவு. அதைப் போய் வளத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். இன்னொரு ஆபத்தும் உண்டு. கொழுப்பை மட்டும் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால், மடிக்குப் போக வேண்டியதை முதுகில் சேர்த்துக்கொள்ளும் பசுக்கள் மிஞ்சக்கூடும். கன்று மெலியும். கன்றின் எடையை நம்பிப் பிழைக்கும் பண்ணையில் இது நேரடி நட்டம்.

அப்படியானால் ஈத்து இடைவெளியையே நேராகப் பார்க்கலாமா? பார்க்கலாம், ஆனால் அது மோசமான அளவுகோல். இறைச்சி மந்தையில் காளையைக் குறிப்பிட்ட தேதியில்தான் உள்ளே விடுகிறார்கள். மந்தை ஈனும் காலத்தின் தொடக்கத்திலேயே ஈன்ற நல்ல பசு அந்தத் தேதி வரை சும்மா காத்திருக்கிறது. அதன் இடைவெளி நீளமாகப் பதிவாகிறது. தாமதமாக ஈன்ற பசுவுக்கு இடைவெளி குறைவாக விழுகிறது. அடுத்து ஈனவே ஈனாத பசுவோ கணக்கிலேயே வருவதில்லை.

ஆஸ்திரேலியர்கள் செய்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிராமன் என்ற திமிலினப் பசுக்களின் சினைப்பையை ஸ்கேன் செய்து, தலைச்சன் கன்று ஈன்ற எத்தனையாவது நாளில் மறுபடி கருமுட்டை வெளிப்படுகிறது என்று நேரடியாகப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் மரபின் பங்கு ஏறத்தாழ பாதி! இனப்பெருக்கக் குணத்தில் மரபுக்குப் பங்கு குறைவு என்று எத்தனை காலமாகச் சொல்லி வந்தோம். குறையில் பெரும்பகுதி நாம் அளந்த விதத்தில் இருந்திருக்கிறது. கன்று ஊட்டும்போது பருவம் தடைபடுவது திமிலின மாடுகளில் அதிகம் என்பதால், அந்த அளவீடு வேண்டிய இடத்திலேயே நடந்திருக்கிறது. அந்தப் பிராமன் இரத்தத்தில் ஒரு பங்கு, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர், ஓங்கோல் மாடுகளிடமிருந்து போனது என்று சொன்னதும் மாணவியின் முகம் மலர்ந்தது. எனக்கும் அதைச் சொல்லும்போதெல்லாம் மனம் நிறைந்துவிடும்.

பொலிகாளையின் விதைப்பைச் சுற்றளவு எளிய வழி. அளப்பதற்கு ஒரு நாடா போதும், மரபின் பங்கும் நன்றாகவே உண்டு. ஆனால் அது முக்கியமாகச் சொல்வது மகள்கள் முதலில் பருவத்துக்கு வரும் வயதைப் பற்றித்தான். ஈன்றபின் மீள்வதைப் பற்றி அதை நம்ப முடியாது.

கலப்பினம் வேறு கதை. ஹெர்ஃபோர்டு, ஆங்கஸ், ஷார்ட்ஹார்ன் என்ற மூன்று மாட்டினங்களையும் கலந்தபோது, காளையோடு விட்ட ஒவ்வொரு பசுவுக்கும் கிடைத்த பால்மறந்த கன்றுகளின் எடை சுமார் 23 விழுக்காடு கூடியது. திமிலினத்தோடு கலந்தால் பலன் இன்னும் பெரிது. கலப்பில் பிறந்தவை பெற்றோர் இனங்களின் சராசரியை விஞ்சுவதைக் கலப்பு வீரியம் என்கிறோம்; மரபின் பங்கு குறைவான குணங்களில்தான் அது அதிகம் உதவும். ஆனால் முதல் தலைமுறைக் கலப்புகளைத் தமக்குள்ளேயே சேர்த்தால் அந்த வீரியத்தில் பாதி கரைந்துபோகும். திட்டமில்லாமல் இதில் இறங்கக் கூடாது.

என் தேர்வை மாணவியிடம் சொன்னேன். காளையை அதன் மகள்களைக் கொண்டு எடைபோட வேண்டும்: தலைச்சன் ஈன்று, தானும் இன்னும் வளர்ந்துகொண்டு, கன்றுக்கும் ஊட்டிக்கொண்டு, அதற்கிடையில் மறுபடி பருவத்துக்கு வரும் மகள்கள் எத்தனை? உடல்கட்டு மதிப்பெண்ணையும் எழுத வேண்டும், ஆனால் ஒரே ஈத்தில், ஒரே மேய்ச்சலில், கன்று ஊட்டும் பசுக்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். அவள் இரண்டு படங்களையும் திருப்பி, பின்பக்கத்தில் 'ஈன்ற தேதி' என்று எழுதி, எதிரே இடம் விட்டாள்.