ஷிஃப்ட் லென்ஸா, 14 மி.மீ. லென்ஸா, போனா? நவீன கலைக்கூடங்களுக்குள் எது தேறும்

கூரையும் வரட்டும் என்று கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்து பிடித்தால் போதும், இரண்டு பக்கச் சுவரும் பின்னால் சாய்ந்துவிடும். வெறும் வெள்ளைச் சுவரும் கூர்மையான மூலைகளுமாகக் கட்டப்பட்ட நவீன கலைக்கூடத்தில் அந்தச் சாய்வை மறைக்க ஒரு வேலைப்பாடும் இருக்காது. கேமராவை மட்டமாகப் பிடித்தால் கோடுகள் நிமிரும், ஆனால் கூரை போய்விடும், பாதிப் படம் தரையாகிவிடும். இந்த இழுபறியைத் தீர்க்கத்தான் மூன்று வழிகள்.

கட்டடப் படக்காரர்களின் செல்லப்பிள்ளை ஷிஃப்ட் லென்ஸ். கேமரா மட்டமாகவே இருக்கும், லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். கேனனின் 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ் 12 மி.மீ. வரை நகரும். ஃபுல் ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவைப் படம் நெட்டையாக வரும்படி பிடித்து முழுதாக நகர்த்தினால், கண்மட்டத்துக்கு மேலே சுமார் 51 டிகிரி வரை பார்க்கிறது. சரி, அதே கேமராவில் நகராத, ஆனால் மிக அகலமாகப் பார்க்கும் சாதாரண 14 மி.மீ. லென்ஸைப் போட்டு மட்டமாகப் பிடித்தால்? 52 டிகிரி! கூரை அப்படியே வந்துவிடுகிறது. கூடவே தேவையில்லாத தரையும் பக்கச் சுவர்களும் வரும், அதை க்ராப் செய்துகொள்ளலாம். 24 மி.மீ. ஷிஃப்ட் காட்டும் அதே படத்தை 14-இலிருந்து வெட்டி எடுத்தால், 45 மெகாபிக்சலில் மிஞ்சுவது ஏறக்குறைய 15. திரைக்கு இது தாராளம். ஆளுயரப் பிரிண்ட் போடுகிறவருக்குத்தான் கையைக் கடிக்கும்.

ஓரத்தில் நிற்கும் ஆள் பூசணிக்காய் மாதிரி அகலமாவது 14 மி.மீ. லென்ஸின் குறை என்று பலர் சொல்வார்கள். ஒரே இடத்தில் நின்று ஒரே பரப்பை எடுத்தால் ஷிஃப்ட் லென்ஸிலும் அவர் அதே அளவுதான் அகலமாவார். அதனால் அந்தக் குறையை நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஷிஃப்ட் லென்ஸ் உண்மையில் தோற்பது வெளிச்சத்திலும் கையிலும்தான். பல கலைக்கூடங்களில் ட்ரைபாடுக்கும் ஃபிளாஷுக்கும் அனுமதி இல்லை. காகிதத்தில் வரைந்த ஓவியங்கள் இருக்கும் அறையில் வெளிச்சத்தை மங்கலாக, 50 லக்ஸ் (வெளிச்ச அலகு) அளவில்தான் வைத்திருப்பார்கள். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600, லென்ஸ் திறப்பு எஃப்/4 என்றால் ஷட்டர் 1/20 நொடிக்கு இறங்கிவிடும், கை ஆடினால் படமும் ஆடும். கேனனின் ஷிஃப்ட் லென்ஸ்களில் ஃபோகஸையும் கையால்தான் திருக வேண்டும். பின்னால் நாலு பேர் காத்திருக்க, மட்டம் பார்த்து, நகர்த்தி, ஃபோகஸ் திருகி முடிப்பதற்குள் காலியாக இருந்த கூடம் நிரம்பிவிடும். எஃப்/2.8 வரை இன்னும் அகலமாகத் திறக்கும் 14-இல் அதே இடத்தில் 1/40 கிடைக்கும், எடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஒரு விஷயத்தில் இரண்டு லென்ஸும் சமம். சத்தம் வேண்டாமே என்று எலக்ட்ரானிக் ஷட்டரில் (திரை அசையாமல் சென்சாரே வரி வரியாகப் பதிவது) ஒரு கூடம் முழுக்க எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வெள்ளைச் சுவரெல்லாம் வரி வரியாக நிழல். எல்இடி விளக்கின் துடிப்பு அது. அப்புறம் மெக்கானிக்கல் ஷட்டரை விட்டு நான் நகரவில்லை.

போனை இளப்பமாகப் பார்க்க வேண்டாம். பல பிரேம்களைச் சேர்த்து ஒன்றாக்குவதால் இருட்டறையில் நடுக்கமில்லாமல் எடுத்துவிடும். அது சொதப்புவது வேறு இடத்தில். டெக்சாஸில் லூயி கான் கட்டிய கிம்பெல் கலைக்கூடத்தில் (1972) வளைகூரையின் உச்சிப் பிளவு வழியே பகல் வெளிச்சம் இறங்கி, அலுமினியத் தகட்டில் பட்டுத் திரும்பி, கான்கிரீட் மேல் வழிகிறது. மேலே பிரகாசம், கீழே வரவர மங்கல். அந்த ஏற்ற இறக்கம்தான் அங்கே கட்டடக்கலையே. போன் தன் இஷ்டத்துக்கு நிழலைத் தூக்கி, வெளிச்சத்தை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மாவாகப் பிசைந்துவிடும். ரா கோப்பாக (அதிகம் கைவைக்காத மூலப் பதிவாக) எடுத்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

நியூயார்க் குகன்ஹைமில் (1959) கதையே மாறுகிறது. ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் சுருள் பாதையில் நிமிர்த்துவதற்குப் பெரிதாக நேர்க்கோடே இல்லை, ஷிஃப்டுக்கு வேலையும் இல்லை. கீழே நின்று நேர் மேலே பார்ப்பதுதான் அங்கே எல்லோரும் எடுக்கும் படம். 14 மி.மீ. அந்த உச்சிக் கண்ணாடிக் கூரையைச் சட்டைப் பொத்தானாகச் சுருக்கிவிடும், 24 மி.மீ. போதும். ஐபோனில் கிரிட், லெவல் இரண்டையும் போட்டு வானத்தைப் பார்த்துப் பிடித்தால் இரண்டு கூட்டல் குறிகள் தோன்றும். அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் போன் அச்சுப் பிசகாமல் நேர் மேலே பார்க்கிறது என்று அர்த்தம். பெரிய கேமராவை அண்ணாந்து பிடித்துக் கழுத்து வலிக்க அச்சைத் தேடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

லண்டன் டேட் மாடர்னின் டர்பைன் கூடம் மாதிரி 35 மீட்டர் உயரம், 152 மீட்டர் நீளம் என்று விரிந்த இடத்தில், ட்ரைபாடுக்கு முன்னனுமதி வாங்கியிருந்தால் மட்டும் ஷிஃப்டைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போவேன். மற்ற நாளெல்லாம் கேமராவில் 14, பையில் போன்.

ஜப்பானின் நவோஷிமா தீவில் தடாவோ ஆண்டோ கட்டிய சிச்சு கலைக்கூடத்தில் உள்ளே படமெடுக்கவே கூடாது. அங்கே மூன்றுக்கும் ஒரே மதிப்பெண்.