கொக்கு சுட இல்லை: டெல்டாவில் ஒரு ஏர் ரைஃபிள்

வீட்டில் ஏர் ரைஃபிள், அதாவது காற்றழுத்தத்தில் சுடுகிற துப்பாக்கி, இருக்கிறது என்று சொன்னால் கும்பகோணம் பக்கத்தில் வரும் முதல் கேள்வி, "கொக்கா, மடையானா?" மடையான் வயல் கொக்கில் ஒரு ரகம். நான் சுடுவது இரண்டும் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நடவு வயலில் இறங்குகிற கொக்கைச் சுட்டால் குற்றம். வடுவூரிலும் உதயமார்த்தாண்டபுரத்திலும் அதுகளுக்கென்று சரணாலயமே இருக்கிறது. நான் சுடுவது காகித அட்டையை, பத்து மீட்டர் தூரத்தில், வீட்டுக்குள்ளேயே. இதைக் கேட்டதும் கேட்டவருக்குச் சுவாரஸ்யம் போய்விடும். துப்பாக்கி வாங்கிச் சில சம்பா அறுத்தாகிவிட்டது, எனக்கு இன்னும் போகவில்லை. டெல்டாவில் இருந்துகொண்டு இதை ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்கு என்னென்ன தேவைப்படும், எதில் காசு வீண் என்று எழுதி வைக்கிறேன்.

எல்லோரும் முதலில் பயப்படுவது லைசென்ஸுக்கு. 2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்குள், அதாவது 4.5 மில்லிமீட்டருக்குள் இருந்து, ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமல் இருந்தால் உரிமம் வேண்டாம். 0.22 அங்குலக் குழல் மேல் ஆசை வைத்தால் உரிமத்துக்கு அலைய வேண்டியதுதான். கடைக்காரர் அடையாள அட்டை நகல் கேட்பார், கொடுத்துவிடுங்கள். பில்லைத் தொலைக்காதீர்கள். வெளியே எடுத்துப்போகிற நாளில் அந்தப் பில்தான் பேசும். தேர்தல் சமயத்தில் நான் அதை வீட்டுப் படியே தாண்ட விடுவதில்லை. பறக்கும் படையிடம் ரோட்டோரத்தில் நின்று சட்டம் விளக்குகிற பொறுமை எனக்குக் கிடையாது.

"ஆயிரம் அடி ஸ்பீடு சார்" என்று விற்பவர் சொன்னால், "எத்தனை கிராம் பெல்லட்டில்?" என்று திருப்பிக் கேளுங்கள். பெல்லட் என்பது இதில் போடுகிற சின்ன ஈயக் குண்டு. போட்டி ரைஃபிளில் போடுவது சுமார் 0.53 கிராம். அது நொடிக்கு ஆயிரம் அடி, அதாவது 305 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 24 ஜூலுக்கு மேல் போய்விடும். உரிமம் இல்லாமல் அதை விற்கவே கூடாது. ஆக அது லேசான பெல்லட்டைப் போட்டு எடுத்த கணக்காக இருக்கும், இல்லாவிட்டால் வெறும் வாய்க்கணக்கு. ஒலிம்பிக்கில் பத்து மீட்டருக்குப் பிடிக்கிற ரைஃபிளே நொடிக்கு 170 மீட்டர் சுற்றுவட்டத்தில்தான் அனுப்புகிறது, ஏழெட்டு ஜூல். அட்டையில் ஓட்டை போட அது தாராளம். குழலை மடக்கி உள்ளே ஸ்பிரிங்கை அழுத்திச் சுடுகிற ஸ்பிரிங் துப்பாக்கியில் வேகம் ஏற ஏற உதறலும் ஏறும், குழலை மடக்கி இழுக்கிற தோளும் நோகும். உள்நாட்டுத் தயாரிப்பில் பிரெசிஹோல் மாதிரி கம்பெனிகளிடமே பல ரகம் இருக்கிறது. இருப்பதில் சாதுவானதை எடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. எங்கள் பக்கத்தில் இந்த விளையாட்டுக்கு விளம்பரம் கிடைத்தது 2022 ஜூலையில். திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டிக்கு அஜித் குமார் வந்தார், அவரைப் பார்க்கக் கூட்டம் வந்தது. அதன் பிறகு ஊரில் விலை விசாரித்த பையன்கள் நிறைய, வாங்கியவர்கள் கொஞ்சம், தொடர்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். காரணம், வாங்கிய கையோடு புட்டியை அடுக்கிச் சுட ஆரம்பிப்பது. ஒரு வாரத்தில் புட்டி தீர்ந்துவிடும், ஆசையும் தீர்ந்துவிடும். ரயிலேறித் திருச்சிக்குப் போய், நாலைந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு ஷூட்டிங் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியில் நின்று பாருங்கள். பிடித்திருந்தால் வாங்குங்கள்.

அங்கே எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ரொம்ப நேரம் பெல்லட்டையே கண்ணில் காட்டவில்லை. நிற்கத்தான் சொன்னார். வலக்கைக்காரர் என்றால் இடது தோள் அட்டையைப் பார்க்க வேண்டும். இடுப்பை லேசாக முன்தள்ளி, முதுகைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்ற வேண்டும். துப்பாக்கியின் எடையைத் தாங்க வேண்டியது எலும்பு. தசை தாங்கினால் கொஞ்ச நேரத்தில் நடுங்க ஆரம்பித்துவிடும். அப்படி நின்று கண்ணை மூடி, மூச்சு விட்டு, கண்ணைத் திறந்தால் முனை அட்டைக்கு நேரே இருக்க வேண்டும். விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யக் கூடாது. பாதத்தை ஒரு விரற்கடை நகர்த்த வேண்டும். இதைத் துப்பாக்கி இல்லாமல் ஒரு மூங்கில் கழியை வைத்துக்கொண்டே பழகலாம், செலவு கிடையாது.

இனி இடம். இந்த விஷயத்தில் டெல்டாக்காரர்களுக்கு யோகம். ஆற்றங்கரைத் தெருக்களில் இன்னும் இடிக்காமல் மிச்சமிருக்கும் பழைய வீடுகள் அகலத்தில் ஒடுங்கி நீளத்தில் ஓடும். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று கதவுகள் ஒரே நேர்கோட்டில் வரும். எங்கள் வீட்டில் டேப் வைத்து அளந்தால் கூடத்து நிலைப்படியிலிருந்து கொல்லைக் கதவுக்குப் பத்து மீட்டர் போக மிச்சமும் இருக்கிறது. அட்டையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் வர வேண்டும். பக்கவாட்டில் திறக்கிற அறைக்கதவுகளைத் தாழ்ப்பாள் போட்டு, கொல்லைக் கதவையும் சாத்திய பிறகுதான் பெல்லட் டப்பாவைத் திறப்பேன். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வீட்டில் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. இதில் தயவு தாட்சண்யம் இல்லை, மாமியார் உட்பட.

பெல்லட்டைப் பிடிக்கிற பெட்டியை வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தேன். உள்ளே கனமான இரும்புத் தகடு 45 டிகிரி சாய்ந்திருக்கும். பட்ட பெல்லட் நசுங்கிக் கீழே விழும், திரும்பி வராது. பெட்டிக்குப் பின்னால் ஒரு மூட்டை மணல் வைக்கலாம் என்று நினைத்தேன். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாத ஊரில் காவிரி மணலுக்குப் படுகிற பாடு இருக்கிறதே! கடைசியில் எம்-சாண்ட்தான். நசுங்கிய ஈயத்தை வீச்சு வலை கட்டுகிற ஒருவர் குண்டு உருக்குவதற்கு வாங்கிப்போகிறார். ஈயம் விஷம் என்பதை அவருக்கும் சொல்லித்தான் கொடுக்கிறேன். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் மிக்சர் தட்டில் கை வைப்பது எங்கள் வீட்டில் தடை.

இப்போது அட்டை. பத்து மீட்டர் ரைஃபிள் அட்டையில் பத்து, அதாவது நடுவில் கிடைக்கிற முழுப் புள்ளி, என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, தினசரியில் வரும் முற்றுப்புள்ளி அளவு. பயப்பட வேண்டாம், பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டால் போதும், பத்துதான். கணக்குப் போட்டால் பெல்லட்டின் மையம் இரண்டரை மில்லிமீட்டர் வரை விலகலாம். ஒவ்வொரு வளையமும் அடுத்ததிலிருந்து இன்னொரு இரண்டரை மில்லிமீட்டர். 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ரா தகுதிச் சுற்றில் எடுத்தது 600-க்கு 596. அறுபது தடவை சுட்டதில் விட்டது நாலே புள்ளி. ஸ்பிரிங் துப்பாக்கியோடு ஒரு மாதம் மல்லாடிய பிறகு அந்த 596-ஐ நினைத்துப் பாருங்கள், அப்போதுதான் அதன் எடை தெரியும். இப்போது தசமக் கணக்கு வந்துவிட்டது. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9, அறுபதுக்கு 654.

ஸ்பிரிங் துப்பாக்கியின் குணம் தனி. டிரிகரை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும், துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் இழுக்கும். பெல்லட் குழலை விட்டுப் போவதற்குள்ளேயே இந்த ஆட்டம் ஆரம்பித்துவிடுகிறது. அதனால் இறுக்கிப் பிடித்தால் குறி சிதறும். உள்ளங்கையில் சும்மா கிடத்தி, அது போகிற போக்குக்கு விட வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கிடத்த வேண்டும். குழலை மடக்கிப் பெல்லட் வைக்கிறபோது மறுகை குழலைப் பிடித்தே இருக்கட்டும், நழுவினால் விரல் போய்விடும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடக் கூடாது, பிஸ்டன் நேராக இரும்பில் மோதும். டெலஸ்கோப்பும் வேண்டாம். இந்த இரட்டை உதறலில் சாதாரண ஸ்கோப்பின் கண்ணாடி கழன்றுவிடும், பத்து மீட்டர் போட்டியில் அதற்கு அனுமதியும் கிடையாது. பீப் சைட், அதாவது கண் பக்கத்தில் சின்னத் துளை வழியாகப் பார்க்கிற குறிபார்ப்பான், போட்டால் போதும்: முன்னால் ஒரு வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டம், இரண்டுக்கும் நடுவில் வெள்ளை விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவு.

எதிர்பாராத எதிரி சீலிங் ஃபேன். சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் நிற்க முடியாது, ஃபேன் போட்டால் அட்டை ஆடுகிறது. நாலு மூலையிலும் கிளிப் போட்ட பிறகுதான் நின்றது. ஐப்பசி அடைமழையில் வேறு கூத்து. போட்டிக்கான தட்டைமுனை பெல்லட், காய்ந்த அட்டையில் ஓட்டை மெஷின் குத்தினாற்போல் சுத்தமாக வட்டம் போடும். ஈரம் ஏறிய அட்டையில் விளிம்பு பஞ்சு பஞ்சாய்க் கிழியும். ஒன்பதா பத்தா என்று பூதக்கண்ணாடி வைத்தும் தெரியாது. அட்டைக் கட்டை நெல் விதை மாதிரி காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைப்பதுதான் ஒரே வழி. துப்பாக்கிக்கும் அதே ஈரம்தான் பகை. நுரைப்பஞ்சு வைத்த பையில் பத்திரமாக வைக்கிறேன் என்று மூடி வைத்தால், பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு குழலில் துருவைக் கிளப்பும். நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கம் உப்புக்காற்று வேறு. திறந்த அலமாரியில், பூட்டுப் போட்டு, வெளிப்பக்கம் மட்டும் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். காற்றை அழுத்துகிற அறைக்குள் எண்ணெய் இறங்கினால் அழுத்தத்தில் அது பற்றிக்கொள்ளும். புகையும் வெடிச்சத்தமும் வரும், ஸ்பிரிங்கின் ஆயுள் குறையும்.

என் ஸ்பிரிங் ஒருமுறை உடைந்தது. சுடச்சுட ஸ்பிரிங் களைத்துப்போவது சகஜம், அதில் குறை இல்லை. ஆனால் விற்ற கடைக்கு மாற்று ஸ்பிரிங் அனுப்ப ஒரு குறுவைப் பருவமே தேவைப்பட்டது. "இன்னிக்கு அனுப்பிட்டோம் சார்" என்று அவர்கள் சொன்னதையெல்லாம் நம்பியிருந்தால் என்னிடம் இப்போது ஒரு சாக்கு ஸ்பிரிங் இருக்கும். துப்பாக்கி வாங்கும்போதே உபரியாக ஒரு ஸ்பிரிங்கும் காற்று கசியாமல் அடைக்கிற சீல் ஒரு செட்டும் வாங்கிவிடுங்கள்.

அடுத்தபடி பி.சி.பி., அதாவது முன்கூட்டியே காற்று அடைத்த சிலிண்டரில் ஓடுகிற ரகம். உதறல் கிட்டத்தட்ட இல்லை. போட்டிகளில் நீங்கள் பார்க்கிற வால்தர், ஃபைன்வெர்க்பாவ் எல்லாம் இதுதான். புதிது என்றால் விலை இரண்டு லட்சத்தைத் தாண்டும். விலையை விடுங்கள், முதலில் காற்றுக்கு வழி சொல்லுங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் பத்து பார் அழுத்தத்தின் சுற்றில் நின்றுவிடும், இதற்கு வேண்டியது 200 பார். வாய்க்காலும் வயலுமாக இருக்கிற ஊரில் ஸ்கூபா சிலிண்டர் நிரப்ப எங்கே போவது? கைப்பம்பு இருக்கிறது. ஒரு மூச்சு பம்பு அடித்தால் அன்றைக்குச் சுடுவதற்குக் கை இருக்காது. போதாததற்கு மழைக்காலக் காற்றில் உள்ள ஈரமெல்லாம் சிலிண்டருக்குள் போகும். ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் இல்லாத பம்பை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பழைய பி.சி.பி. வாங்குவதாக இருந்தால் சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். போட்டிச் சிலிண்டர்களுக்கு ஆயுள் பத்து வருடம். அதைத் தாண்டியதை நிரப்ப ரேஞ்சில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொண்டால் அந்த ரேஞ்சுக்குப் போகாதீர்கள்.

நான் ஸ்பிரிங்கிலேயே இருக்கிறேன். பி.சி.பி. தேவைப்படப்போவது என் அக்கா மகளுக்கு. லீவுக்கு வந்தவள், "மாமா, நான் ஒண்ணு சுடட்டா?" என்று ஆரம்பித்தாள், இப்போது என் அட்டையையும் அவள் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவளுக்கு அவசரமே கிடையாது. குறி நிலைக்கவில்லை என்றால் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு மறுபடி மூச்சு வாங்குவாள். எனக்கு இறக்க மனசு வராது, இழுத்துப்பிடித்துச் சுட்டுவிட்டு எட்டு வாங்குவேன். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் தங்கம் வாங்கினவர். அவர் படம் இப்போது அவளது அலமாரிக் கதவில். போட்டிக்குப் போவதென்றால் ஏதாவது ஒரு ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராகி, மாநிலச் சங்கம் வழியாகத்தான் போக வேண்டும். ரேஞ்சுத் துப்பாக்கியிலேயே அவள் ஒரு வருடம் ஓட்டட்டும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

கான்வாஸ் ஜாக்கெட்டும் பேன்ட்டும் வேண்டுமா என்று அக்கா கேட்டாள். முதுகைத் தாங்கிப் பிடிக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் விறைப்பாக நிற்கும் அந்தத் துணிக்குள் அக்னி நட்சத்திரத்தில் ஒரு மணி நேரம் பொத்தான் போட்டு நின்று பார்த்தவள் அவள் மகள்தான், நான் இல்லை. ஏசி ரேஞ்சு கிடைக்கிற வரை செகண்ட் ஹேண்டில் கூட வேண்டாம். கார்த்திகை பிறக்கட்டும், அளவெடுக்கலாம்.