வானொலிக்கு எந்த அடாப்டர்?

மத்திய அலை வானொலி கேட்பவர்களுக்கு நான் சொல்வது பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டரைத்தான். கையில் கனக்கும், சூடாகும், மின்சாரத்தையும் கொஞ்சம் வீணாக்கும். ஆனால் 50 ஹெர்ட்ஸில் இயங்குவதால் மிஞ்சிப்போனால் மெல்லிய உறுமல்தான் வரும். நல்ல மின்தேக்கி அதையும் அடக்கிவிடும்.

சுவிட்சிங் அடாப்டர் சின்னது, சிக்கனமானது. அதனுள் டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை வெட்டுகிறது. 65 கிலோஹெர்ட்ஸில் வெட்டினால் 585, 650, 715 என அதன் மடங்குகளில் இரைச்சல், வானொலியின் அலைவரிசை முள் போகும் வழியெல்லாம் முளைக்கும். ஒரு நாள் காலை 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை நிலையத்தைப் பிடித்தபோது செய்தியின் மேல் 'கிர்ர்' என்று ஒரே இரைச்சல். அடாப்டரைப் பிடுங்கி பேட்டரிக்கு மாற்றியதும் குரல் தெளிந்தது. மலிவானவற்றில் இந்த இரைச்சலை வடிகட்டும் சுருளையே விட்டுவிடுகிறார்கள். அதில்தான் கோபம் வருகிறது. வேறு வழியில்லை என்றால் அந்த அடாப்டரின் கம்பியை ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பொருள்) வளையத்தில் ஐந்தாறு சுற்று சுற்றுங்கள், இரைச்சல் குறையும்.