ஃபுல்வியாவா, ஆல்பைனா? பந்தயப் பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஒன்றரை வருஷம் இரண்டு பழைய ராலி கார்களுக்கு நடுவே, இத்தாலியின் லான்சியா ஃபுல்வியா கூபேக்கும் பிரான்சின் ஆல்பைன் ஏ110-க்கும் நடுவே, அல்லாடிவிட்டுக் கடைசியில் ஃபுல்வியாவை வாங்கினேன், 1.3 லிட்டர் இன்ஜின் கொண்ட 1.3 எஸ், இரண்டாம் சீரிஸ். அதனால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அழகைப் பற்றிப் பேசினால் சண்டைதான் மிஞ்சும், விடுங்கள். ஆல்பைன் எடை சுமார் 700 கிலோ, ஃபைபர்கிளாஸ் உடல், பின்னால் ரெனோ இன்ஜின், உயரம் 1.13 மீட்டர். ஒரே ஒரு முறை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போயிருக்கிறேன், உள்ளே நுழையக் காலை எப்படி மடக்குவது என்பதற்கே இரண்டு நிமிஷம் ஆனது. வளைவில் அது திரும்பிய விதம் இன்னும் உடம்பில் இருக்கிறது. ஆனால் நான் அதை ஓட்டியதில்லை, ஆகவே ஓட்டும் சுகத்தைப் பற்றி நான் சொல்வதைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பந்தயக் கணக்கில் ஆல்பைன் பெரிய ஆள்தான். 1971 மான்டே கார்லோ ராலியில் ஓவே ஆண்டர்சன் பெற்ற வெற்றியும், 1973-இல் அதே ராலியில் ஆந்த்ருவே தலைமையில் முதல் மூன்று இடங்களும், அதே வருஷம் தொடங்கிய உலக ராலி சாம்பியன்ஷிப்பின் முதல் பட்டமும் அதற்குத்தான். ஃபுல்வியாவோ முன்சக்கர இழுவை, குறுகிய கோணத்தில் ஒரே சிலிண்டர் ஹெட்டுக்குள் அடக்கிய வி4 இன்ஜின், அதன் பந்தய வடிவமான எச்எஃப்-இல் பெரியதற்கே 1.6 லிட்டர்தான். அதை வைத்துக்கொண்டு ஹாரி ஷெல்ஸ்ட்ரோம் 1969, 1970 இரண்டு வருஷமும் பிரிட்டனின் ஆர்ஏசி ராலியை ஜெயித்தார். 1972 மான்டே கார்லோவில் பனியில் ஆல்பைன்கள் கியர்பாக்ஸ் தொல்லையில் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ள, ஓட்டுநர் முனாரியும் துணை ஓட்டுநர் மனூச்சியும் 14-ஆம் எண் ஃபுல்வியாவில் முதலில் வந்து நின்றார்கள். உலக சாம்பியன்ஷிப்புக்கு முன் இருந்த சர்வதேசத் தயாரிப்பாளர் பட்டமும் அந்த வருஷம் லான்சியாவுக்கே. அந்த வெற்றியைக் காட்டி, போனட்டில் பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடித்து 'மான்டேகார்லோ' என்று ஒரு பதிப்பே விற்றார்கள், உள்ளே இருந்தது என் காரில் இருக்கிற அதே 1.3 இன்ஜின். பெயிண்டுக்கு இன்றும் தனி விலை கேட்கிறார்கள், சிரிப்புத்தான் வருகிறது.

சரி, நான் முடிவெடுத்த இடத்துக்கு வருகிறேன். இந்தக் கார்களில் பாதி விலை பந்தயப் பெயருக்குத்தான், அப்படியானால் கையில் இருப்பது அசல்தானா என்பதே பெரிய கேள்வி. ஆல்பைனில் உடல் ஃபைபர்கிளாஸ் என்பதால் அச்சு இருந்தால் புதிதாக வார்த்துவிடலாம், அடியில் இருக்கும் எஃகு முதுகெலும்பையும் புதிதாகச் செய்யலாம், சின்ன 1100 ஆகப் பிறந்த கார் 1600 இன்ஜினோடு ஊர்வலம் வரலாம். பிரான்சின் தியெப்பில் மட்டுமல்ல, ஸ்பெயின், மெக்சிகோ, பல்கேரியாவிலும் உரிமம் பெற்றுத் தயாரித்தார்கள், தியெப் கார் என்றால் விலை வேறு. நான் பார்த்த ஒரு காரில் சேஸி எண் தகடு உடலைவிடப் புதிதாக மின்னியது, ரிவெட்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை. விற்றவர் "பெயிண்ட் அடிக்கும்போது கழற்றி மாட்டினோம்" என்றார். இருக்கலாம். அந்த 'இருக்கலாம்'-க்கு அவ்வளவு பணம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, நாளைக்கு நான் விற்கப்போனால் வாங்க வருபவரும் இதே கேள்வியைத்தான் கேட்பார்.

ஃபுல்வியாவில் போலி கிடையாது என்று சொல்ல வரவில்லை. சாதாரணக் கூபேயில் உள்பக்க ஜோடி விளக்கைப் பெரிதாக்கிவிட்டு 'ஃபனலோனே' (பெரிய விளக்கு வைத்த முதல் 1.6 எச்எஃப்-இன் செல்லப்பெயர்) என்று நீட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் சேஸி எண்ணின் முன்பகுதியே காட்டிக்கொடுத்துவிடும்: முதல் 1.6 எச்எஃப் 818.540, இரண்டாம் சீரிஸ் 1.6 எச்எஃப் 818.740. வேறு எண் என்றால் விளக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது வேறு கார். அப்புறம், சாதாரண 1.3-க்கு யாரும் போலி செய்வதில்லை. நல்ல ஆல்பைன் 1600 எஸ் ஒன்றின் விலையில் என் மாதிரிக் கார் இரண்டு மூன்று தாராளமாக வாங்கலாம். ஆனால் என் மாதிரிக் காரின் விலை அதன் பாட்டுக்கு எகிறாது, அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

துரு விஷயத்தில் ஃபுல்வியா மோசம், இதை மறைத்தால் பாவம். இன்ஜின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன் எல்லாமே உடலோடு தனியாகப் பொருத்திய ஒரு சட்டத்தில், அதாவது சப்ஃப்ரேமில், தொங்குகின்றன, அது பின்பக்கம் உடலோடு சேரும் இடம்தான் முதலில் அரிக்கும். வாங்கப் போனபோது கீழே படுத்து ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் 'டங்' என்றது, இடப்பக்கம் ஈர அட்டையைத் தட்டியது போல மந்தமாகக் கேட்டது. அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன், குறைத்ததைவிடக் கூடுதலாகவே வெல்டிங்குக்குப் போய்விட்டது. இடப்பக்கம் இப்போது 'டங்' என்கிறது.